அச்சுக்கோப்பவரின் தமனிகள்

தொலைதூர ஓட்டம் இதயத்துக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடி வந்திருந்தாலும், அந்தத் தேடலின் பெரும்பகுதி ஒலிம்பிக் வீரர்களையும் தேசிய அணிகளில் இடம்பெற்றவர்களையும் சுற்றியே நடந்திருக்கிறது. மாரத்தான் எனப்படும் 42.195 கி.மீ. ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் இன்று திரளும் கூட்டத்தில் அத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மற்றவர்கள் வங்கியிலும் பள்ளியிலும் கடையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, விடியலுக்கு முன் எழுந்து, வீட்டார் கண்விழிப்பதற்குள் பயிற்சியை முடித்துத் திரும்புகிறவர்கள். பலர் முப்பத்தைந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகே முதன்முதலாக ஓட்டக் காலணி வாங்கியவர்கள். இந்த இரு தரப்பினரின் இதயங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது பிழையாகவே முடியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து போட்டிக்குமேல் போட்டியாகச் சலிக்கப்பட்டு வந்த வீரரிடம் பிறவிக் குறைபாடுள்ள இதயம் எஞ்சியிருக்கும் வாய்ப்பு குறைவு. ஓடும் ஆசை நடுவயதில் வந்தவரோ, இருபது ஆண்டுப் புகைப்பழக்கத்தையும், கண்டறியப்படாத இரத்த அழுத்தத்தையும், தந்தையின் மாரடைப்பையும் தம்மோடு சுமந்தபடியே ஓட்டப்பாதைக்கு வருகிறார். எனவே தொழில்முறை சாராத ஓட்டக்காரரின் இதயத்தைப் பற்றிய ஒவ்வொரு ஆய்வு முடிவையும் படிக்கும்போது, இதில் ஓட்டத்தின் விளைவு எது, ஓட வந்தவர் தம்மோடு கொண்டுவந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் எழுந்துள்ள பெரும்பாலான சச்சரவுகள் அந்தப் பிரிப்பைச் செய்யத் தவறியதால் விளைந்தவை.

முதலில் இதயத்தின் வேலையைப் பார்க்கலாம். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அவரே மூச்சு வாங்க ஓடும்போது அது 20 லிட்டரையும் தாண்டுகிறது. கால் தசைகள் கேட்கும் ஆக்சிஜனைக் கொடுப்பதற்கு இதயத்துக்கு இரண்டே வழிகள் உண்டு: விரைவாகத் துடிப்பது ஒன்று, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைத் தள்ளுவது மற்றொன்று. ஒருவரது உச்சத் துடிப்பு வேகத்தைப் பெரும்பாலும் அவர் வயதே முடிவு செய்துவிடுவதால், பயிற்சி அதை உயர்த்துவதில்லை. பயிற்சியால் வளரக்கூடியது ஒரு துடிப்பின் அளவுதான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மிகுதியான இரத்தம் வந்து நிரம்பி நிரம்பி, உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறை மெல்ல விரிகிறது. விரிந்த அறையின் சுவர் அதற்கேற்பச் சற்றே தடிக்கிறது. ஒரே துடிப்பில் நிறைய இரத்தம் போவதால் ஓய்வு நேரத்தில் குறைவான துடிப்புகளே போதுமாகி, நாடி நிமிடத்துக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்குவதும் உண்டு.

இந்த மாற்றத்தை முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1899-இல் அவர் பயன்படுத்திய கருவி தம் விரல்களே. பனிச்சறுக்குப் போட்டிக்கு முன்னும் பின்னும் வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டைக் கொண்டு இதயத்தின் எல்லையைக் குறித்து, அவர்களுடைய இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். அந்தப் பெருக்கம் நோயன்று, உழைப்புக்கு ஏற்ற வளர்ச்சி என்பதே அவரது கருத்து. ஆனால் மருத்துவர்கள் பலருக்கு அந்த நம்பிக்கை வர நெடுங்காலம் ஆயிற்று. வீங்கிப்போன இதயம் தளர்ந்துபோகும் என்பதை மருத்துவமனைகளில் அன்றாடம் பார்த்தவர்களுக்கு, பெரிய இதயம் நலமான இதயமாகவும் இருக்கலாம் என்பதை ஏற்பது எளிதாக இல்லை. 1975-இல் மார்கன்ராத் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியைக் கொண்டு அளந்து, தொலைதூரம் ஓடுவோருக்கும் நீந்துவோருக்கும் அறை விரிகிறது, குண்டு எறிவோருக்கும் மல்யுத்தம் செய்வோருக்கும் சுவர் தடிக்கிறது என்று வகைப்படுத்தினர். பிற்கால அளவீடுகள் இந்த இரு வகைகளுக்கும் இடையே உள்ள கோடு அத்தனை கூர்மையானது அல்ல என்று காட்டினாலும், அறையின் விரிவும் சுவரின் தடிப்பும் இசைந்து வளர்ந்தால் அது பயிற்சி, ஒன்று மட்டும் மிஞ்சினால் ஐயத்துக்குரியது என்ற அடிப்படை இன்றும் மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிறது.

வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஓடும் ஒருவருக்கு இந்த மாற்றங்கள் மிதமாகவே ஏற்படுகின்றன. அவரது எக்கோ அறிக்கையில் அறை அளவு இயல்பின் மேல் எல்லையை ஒட்டி இருக்கலாம்; ஈ.சி.ஜி. தாளில் துடிப்பு மெதுவாகவும், சில வேளைகளில் அதன் இடைவெளி மூச்சோடு சேர்ந்து ஏறியிறங்குவதாகவும் தெரியலாம். தம் ஓட்டப் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லத் தவறினால் இவை வீண் அச்சத்துக்கும் வேண்டாத சோதனைகளுக்கும் இட்டுச்செல்வது இயல்பு. மிதமான பயிற்சியின் பயன் இதயத்தைவிட இரத்தக் குழாய்களிலேயே விரைவாக வெளிப்படுகிறது என்பதை லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடிய 138 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வு அழகாக எடுத்துக்காட்டியது. அவர்கள் யாரும் பழக்கப்பட்ட ஓட்டக்காரர்கள் அல்லர். சில மாதங்களுக்கு வாரந்தோறும் 10 முதல் 20 கி.மீ. வரை ஓடும் எளிய பயிற்சித் திட்டமே அவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. ஆண்கள் ஏறத்தாழ நாலரை மணி நேரத்திலும் பெண்கள் ஐந்தரை மணியை ஒட்டியும் முடித்தனர். பயிற்சிக்கு முன்னும் மாரத்தானுக்குச் சில வாரங்கள் கழித்தும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டபோது, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி முன்னைவிட நெகிழ்ந்திருந்தது. வயது ஏற ஏற விறைத்துக்கொண்டே போகும் அந்தக் குழாய், ஏறக்குறைய நான்கு ஆண்டு இளமை பெற்றதற்கு இணையான மாற்றம் அது. இரத்த அழுத்தமும் சராசரியாக மேல் அளவில் 4, கீழ் அளவில் 3 புள்ளிகள் இறங்கியிருந்தது. மிகுந்த பயன் அடைந்தவர்கள் வயதில் மூத்தவர்களும் மெதுவாக ஓடியவர்களுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டத்தைப் பற்றிய அச்சமூட்டும் செய்திகள் பரவும் வேகத்தில் இந்த முடிவு பரவவில்லை என்பது வருந்தத்தக்கது.

அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான இந்த இழுபறியில் இரண்டு அமெரிக்கர்களின் இதயங்கள் மாறி மாறிச் சான்றாகக் காட்டப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று கிளாரன்ஸ் டிமார் என்பவருடையது. அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த இவர், பாஸ்டன் மாரத்தானில் 1911 முதல் 1930 வரை ஏழு முறை முதலிடம் பெற்று, 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றவர். அவ்வளவு வெற்றிக்குப் பிறகும் ஓட்டம் அவருக்குப் பிழைப்பாக இருக்கவில்லை. அக்கால விதிகளின்படி அவர் கடைசிவரை ஊதியமற்ற ஓட்டக்காரரே. 1911-இல் அவரது மார்பில் குழலை வைத்துக் கேட்ட மருத்துவர், இதயத்தில் முரல் ஒலி கேட்கிறது, ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடி, அறுபத்தொன்பதாம் வயதிலும் போட்டியில் கலந்துகொண்டு, 1958-இல் தம் எழுபதாம் வயதில் புற்றுநோயால் இறந்தார் டிமார். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவருக்கு மருத்துவம் பார்த்த புகழ்பெற்ற இதயநோய் வல்லுநர் பால் டட்லி ஒயிட்டும் அவருடைய உடன்பணியாளர் கரன்ஸும் டிமாரின் பிணக்கூறாய்வு முடிவுகளை 1961-இல் வெளியிட்டனர். இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் தமனிகள், இதயத் தமனிகள் எனப்படுபவை, அவருக்கு வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. அந்தத் தமனிகளின் சுவரில் வயதுக்குரிய கொழுப்புப் படிவு ஓரளவு இருக்கவே செய்தது. ஆயினும் குழாய் அத்தனை விரிந்திருந்ததால் இரத்த ஓட்டத்துக்கு அது தடையாகவில்லை. படிவு இருந்தது என்ற இந்த இரண்டாவது செய்தி முதலாவதைப்போல் நினைவில் நிறுத்தப்படவில்லை.

டிமாரின் விரிந்த தமனிகள் தந்த உற்சாகத்தில், 1970-களில் டாம் பாஸ்லர் என்ற கலிஃபோர்னிய நோய்க்கூறியல் மருத்துவர், மாரத்தானை ஓடி முடிக்கும் அளவுக்கு வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவருக்கு இதயத் தமனி அடைப்பால் மரணம் நேராது என்றே அறிவித்தார். ஓட்டக்காரர்களிடையே அது வேதவாக்காகப் பரவிற்று. தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸும் உடன் பணியாற்றியோரும், இறந்துபோன மாரத்தான் ஓட்டக்காரர்களின் தமனிகளில் கடும் அடைப்பு இருந்ததைப் பிணக்கூறாய்வின் மூலம் 1979-இல் நிறுவிய பிறகும் அந்த நம்பிக்கை எளிதில் அசையவில்லை. அதை அசைத்தது ஜிம் ஃபிக்ஸின் மரணம். 1977-இல் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்ற ஓட்டக் கையேட்டின் ஆசிரியரும், அமெரிக்காவைத் தெருவில் இறங்கி ஓட வைத்தவர்களுள் முதன்மையானவருமான அவர், 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலச் சாலையொன்றில், அன்றாட ஓட்டத்தை ஒட்டி விழுந்து இறந்தார்; வயது 52. அவரது இதயத் தமனிகள் கடுமையாக அடைபட்டிருந்தன. செய்தி கேட்டவர்கள் ஓட்டமே அவரைக் கொன்றது என்றார்கள். ஆனால் அவருடைய தந்தைக்கு முப்பத்தைந்தாம் வயதில் முதல் மாரடைப்பு வந்து, நாற்பத்து மூன்றாம் வயதில் உயிர் போயிற்று. ஃபிக்ஸோ தம் முப்பத்தைந்தாம் வயதுவரை நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைத்து, நூறு கிலோவை எட்டும் எடையோடு இருந்து, அதன் பிறகே ஓடத் தொடங்கியவர். தந்தையைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக அவர் வாழ்ந்ததற்கு ஓட்டம் துணை செய்திருக்கக்கூடும் என்றும், தம்மோடு கொண்டுவந்த நோயை ஓட்டத்தால் அழித்துவிட முடியவில்லை என்றும் ஒருங்கே கருதுவதே அந்த மரணத்தை நேர்மையாகப் படிக்கும் முறை. டிமாருடையதும் ஃபிக்ஸுடையதும் எதிரெதிர்ச் சான்றுகள் போலத் தோன்றினாலும், படிவு இருந்தது, ஓட்டம் அதைத் துடைக்கவில்லை என்ற ஒரே செய்தியையே இரண்டும் சொல்கின்றன. ஒருவருக்குக் குழாய் தாங்கிற்று, மற்றவருக்குத் தாங்கவில்லை.

நீண்டகால விளைவைவிட ஓட்டநாளின் விளைவு ஆய்வாளர்களை மிகவும் குழப்பியிருக்கிறது. ட்ரோபோனின் என்பது இதயத் தசையணுக்களுக்குள் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு புரதம். அது இரத்தத்தில் கசிந்திருந்தால் தசையணுக்கள் சேதமுற்றிருக்கின்றன என்று பொருள் கொண்டு, மாரடைப்பை உறுதிசெய்ய மருத்துவமனைகளில் அதை அளக்கிறார்கள். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய, தொழில்முறை சாராத 60 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஓட்டத்துக்கு முன் இயல்பாக இருந்த அந்த அளவு, முடித்த பின் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வரம்பைக் கடந்திருந்தது. நாற்பது விழுக்காட்டினருக்கு அது மாரடைப்பு என்று முடிவுகட்டத்தக்க அளவையே எட்டியிருந்தது. அவர்கள் யாரும் மாரடைப்பு வந்தவர்கள்போல் இல்லை. மாரடைப்பில் பல நாள் உயர்ந்தே நிற்கும் ட்ரோபோனின், ஓட்டக்காரருக்கு ஓரிரு நாளில் இறங்கிவிடுவதால், இங்கே அணுக்கள் இறக்கவில்லை, களைப்பில் அவற்றின் உறை சற்றே ஒழுகியது என்பதே பலரது விளக்கம். அந்த ஆய்வில் அதிர்ச்சியூட்டும் எண்களைவிடக் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. வாரத்துக்கு 56 கி.மீ. அல்லது அதற்கும் குறைவாகப் பயிற்சி செய்தவர்களிடமே கசிவும் இதயத் தளர்ச்சியும் மிகுதியாக இருந்தன, 72 கி.மீ.க்கு மேல் பயிற்சி செய்தவர்களின் இதயம் அதே தொலைவை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கியது. மாரத்தானின் தொலைவு எல்லோருக்கும் ஒன்றே, பயிற்சியோ ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையும் குடும்பமும் விட்டுவைத்த நேரத்தைப் பொறுத்தது என்பதால், தொழில்முறை சாராதவர்களின் தனித்த சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அன்றைய களைப்பு இதயம் முழுவதிலும் ஒரேபோல் பரவுவதில்லை. உடலுக்கு இரத்தம் செலுத்தும் இடது கீழறை தடித்த சுவருடையது; நுரையீரலுக்கு மட்டும் செலுத்தும் வலது கீழறையின் சுவர் மெல்லியது, ஓய்வில் அதற்கு உள்ள வேலையும் சிறிது. ஓடும்போது உடலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இடப்பக்கச் சுமையை ஓரளவு குறைக்கின்றன. நுரையீரல் குழாய்களுக்கு அவ்வளவு விரிய இடமில்லாததால், பெருகிவரும் இரத்தம் அங்கே அழுத்தத்தை ஏற்றி, வலது கீழறையின் மேல் விகிதத்துக்கு மீறிய பாரத்தைச் சுமத்துகிறது. ஆஸ்திரேலியாவில் லா ஜெர்ஷ் குழுவினர் மாரத்தானையும் அதைவிட நீண்ட போட்டிகளையும் முடித்த 40 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, இடப்பக்கம் ஏறத்தாழ மாறாமல் இருக்க, வலப்பக்கம் போட்டி முடிந்த உடனே தளர்ந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தேறிவிட்டது. ஐந்து பேருக்கு மட்டும் இரு கீழறைகளுக்கும் இடையேயுள்ள சுவரில் சிறு தழும்புக்கான அடையாளம் காணப்பட்டது. அவர்கள் நீண்டகாலம் போட்டிகளில் ஈடுபட்டவர்கள். நன்கு பயிற்சி பெற்ற அந்த வீரர்களிடம் கண்டதை, ஆண்டுக்கு ஒரு மாரத்தான் ஓடும் அலுவலகப் பணியாளருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருப்பினும் ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையே வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்று மூத்த ஓட்டக்காரர்கள் சொல்லிவரும் அறிவுரைக்கு உடலியல் காரணம் இங்கே கிடைக்கிறது.

ட்ரோபோனின் கசிவு முற்றிலும் தீங்கற்றது என்று கடையை மூடிவிடவும் இயலாது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் நெடுநடைப் பயணத்தில் 30 முதல் 55 கி.மீ. வரை நடந்த, சராசரி வயது அறுபதைத் தாண்டிய 725 பேரை ஆய்வாளர்கள் மூன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். நடந்த பின் ட்ரோபோனின் வரம்பைக் கடந்தவர்கள் அவர்களுள் ஒன்பது விழுக்காட்டினரே. ஆனால் அந்தச் சிறு குழுவில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மரணமோ பெரிய இதயக் கோளாறோ நேர்ந்தது, மற்றவர்களிடம் அது நூற்றுக்கு ஏழாகவே இருந்தது. நடை அவர்களைக் கெடுத்தது என்பதைவிட, ஏற்கெனவே நலிந்திருந்த இதயத்தை நடை வெளிக்காட்டியது என்று கொள்வதே பொருந்தும். மருத்துவமனையில் செய்யும் உழைப்புச் சோதனையின் வேலையைச் சாலை செய்திருக்கிறது.

அடுத்து வருவது சுண்ணாம்புப் பிரச்சினை. தமனிச் சுவரில் கொழுப்பு படிந்து நாளடைவில் கால்சியம் ஏறி இறுகுவதை சி.டி. படத்தில் அளந்து எண்ணாகச் சொல்லலாம். எண் கூடினால் மாரடைப்பு வாய்ப்பும் கூடும் என்பது பொதுமக்களிடம் உறுதியாகியுள்ள செய்தி. ஜெர்மனியில் ஐம்பது வயதைக் கடந்த, மூன்று ஆண்டுகளில் குறைந்தது ஐந்து மாரத்தான்களை முடித்திருந்த 108 ஆண்களை 2008-இல் ஆராய்ந்தபோது, இரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவற்றில் அவர்களுக்கு ஒப்பான பொதுமக்களைவிட ஓட்டக்காரர்களுக்கே கால்சியம் மிகுந்திருந்தது. நாளிதழ்கள் இதை ஓட்டத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையாகவே எழுதின. அந்த 108 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் முன்னாள் புகைப்பழக்கத்தினர் என்ற வரியைப் படித்தவர்கள் குறைவு. இன்று அவர்களுடைய இரத்த அழுத்தமும் கொழுப்பும் இயல்பாக இருப்பதற்கு ஓட்டம் காரணம். ஆனால் தமனிகள் நேற்றைய கணக்கையும் வைத்திருக்கின்றன. இன்றைய அளவுகளால் மட்டும் அவர்களைப் பிறரோடு ஒப்பிட்டது அந்த ஆய்வின் வலுவற்ற இடம்.

ஆயினும் புகைப்பழக்கம் ஒன்றைக் கொண்டே இதை முழுவதும் விளக்கிவிட முடியாது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 284 டச்சு ஆண்களைப் பற்றி 2017-இல் வந்த ஆய்வில், மிகக் கூடுதலாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கே கால்சியம் காணப்படும் வாய்ப்பு மிகுந்திருந்தது. ஆனால் படிவின் தன்மை மாறியிருந்தது. மெத்தென்ற கொழுப்பும் கால்சியமும் கலந்த திட்டு எளிதில் வெடித்து இரத்தக் கட்டியை உண்டாக்கும். முழுதும் இறுகிய திட்டு அப்படி வெடிப்பது அரிது. ஓட்டக்காரர்களிடம் மிகுந்திருந்தது இரண்டாவது வகை. டல்லஸில் உள்ள கூப்பர் மருத்துவ மையத்தின் பதிவுகளில் இருந்து 21,758 ஆண்களைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வாரம் ஐந்து மணி நேரம் ஓடுவதற்கு இணையாகவும் அதற்கு மேலும் உழைத்தவர்களுக்குக் கால்சியம் சற்று மிகுந்திருந்தாலும், அதே அளவு கால்சியம் உள்ள, குறைவாக உழைப்பவர்களைவிட அவர்கள் கூடுதலாக இறக்கவில்லை என்று கண்டது. இந்த ஆறுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. பெல்ஜியத்தில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, வாழ்நாள் முழுவதும் உழைத்துவந்த வீரர்களிடம் இறுகாத திட்டுகளும் மிகுந்திருந்ததாகக் கூறியது. இறுகிய திட்டு காவலா, வெறும் வடுவா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டதுபோல் எந்தப் பக்கத்தார் பேசினாலும் அதை ஐயத்தோடு கேட்பதே முறை.

இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதைப் பற்றிய சான்றுகள் இதைவிடத் தெளிவானவை. இதயத்தின் மேலறைகள் ஒத்திசைவாகச் சுருங்காமல் நடுநடுங்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு மேலறை நடுக்கம் என்று பெயர். தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரக்கூடும் என்பதே அதன் பெரும் ஆபத்து. மிதமான உடற்பயிற்சி இந்த நோயைத் தடுக்கிறது. பல பத்தாண்டுக் கடும் பயிற்சியோ நடுவயது ஆண்களிடம் அதை வளர்க்கிறது. சுவீடனின் 90 கி.மீ. பனிச்சறுக்குப் போட்டியான வாசலோப்பெட்டை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை முடித்தவர்களுக்கு, ஒரே முறை முடித்தவர்களைவிடத் துடிப்புக் கோளாறு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. விரைவாக முடித்தவர்களிடமும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் நீட்டப்பட்டுச் சுருங்கும் மேலறைச் சுவரில் நாளடைவில் ஏற்படும் விரிவும் நுண்ணிய தழும்புகளும், ஓய்வில் துடிப்பை அடக்கும் வேகஸ் நரம்பின் மிகைத்த ஆதிக்கமும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரரின் மணிக்கட்டுக் கடிகாரம் ஓய்வு நேரத்தில் தாறுமாறான துடிப்பைக் காட்டினால், கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம்.

மிகையாக ஓடுவோர் ஓடாதவரைப் போலவே விரைவில் இறக்கிறார்கள் என்ற தலைப்பு 2015-இல் உலகெங்கும் சுற்றிவந்தது. கோபன்ஹேகன் நகரில் மெல்லோட்டக்காரர் 1,098 பேரை ஓடாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு அதன் மூலம். வாரத்துக்கு இரண்டரை மணிக்குக் குறைவாக, நிதானமாக ஓடியவர்களே மிகுந்த நன்மை பெற்றனர் என்ற அதன் பகுதி உறுதியானது. கடுமையாக ஓடியவர்களின் குழுவில் இருந்தோரோ நாற்பது பேருக்கு மேற்படாது. அவர்களுள் இறந்தவர்கள் இரண்டே பேர். இரு மரணங்களைக் கொண்டு ஓர் உலக விதியை எழுதிய அந்தத் தலைப்பு, எத்தனையோ பேரைக் காலணியைக் கழற்றி வைக்கச் செய்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு, 55,137 அமெரிக்கர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, ஓடுவோருக்கு இதய, இரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் 45 விழுக்காடு குறைவு என்றும், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிட மெதுவான ஓட்டமே கணிசமான பயன் தருகிறது என்றும் கண்டது.

இந்த எண்களைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து படிக்கிறவர் ஒரு திருத்தத்தோடு படிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு நாடுகளில் மாரடைப்புக்கான காரணங்களை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் 2007-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53. பிற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59. பாஸ்டனிலும் லண்டனிலும் நாற்பதில் ஓடத் தொடங்குபவருக்கும் சென்னையில் நாற்பதில் தொடங்குபவருக்கும் இடையே இந்த ஆறு ஆண்டு வேறுபாடு இருக்கிறது. ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் அளவையும், நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ உண்டா என்ற விவரத்தையும் அறிந்துகொள்ளாமல் முதல் மாரத்தானுக்குப் பெயர் பதிவதை இங்கே யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, முன்பு எளிதாக ஏறிய மேட்டில் திடீரெனத் தோன்றும் மூச்சுத்திணறல், ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கம் ஆகியவற்றை வாயுத் தொல்லை என்றும் தூக்கக் குறைவு என்றும் பெயரிட்டு ஒதுக்குவது இந்தப் பழக்கத்தில் காணப்படும் மிக ஆபத்தான வழக்கம். பல மாதப் பயிற்சியும் கட்டிய பணமும் நண்பர்களுக்குக் கொடுத்த வாக்கும் ஒருவரை அந்த அறிகுறிகளுக்குச் செவிடாக்கிவிடுகின்றன.

ஓட்டப்பாதையில் நேரும் மரணம் மிக அரிது என்பதற்கு வலுவான கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரில் இதயம் திடீரென நின்றவர்கள் 59 பேர், அவர்களுள் இறந்தவர்கள் 42 பேர். சராசரி வயது 42, ஐம்பத்தொருவர் ஆண்கள். முழு மாரத்தானில் இந்த ஆபத்து அரை மாரத்தானில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இறந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது, பிறவியிலேயே மரபணுவால் வந்து இதயச் சுவரை அளவுமீறித் தடிக்கச்செய்யும் தசைத் தடிப்பு நோய்; அடுத்த நிலையில் தமனி அடைப்பு. அடைப்பு உள்ளவர்களிடம் புதிதாக வெடித்த திட்டு எதுவும் தென்படவில்லை. குறுகிய குழாய் வழியே வந்த இரத்தம், பல மணி நேரம் உச்சத்தில் உழைத்த தசைக்குப் போதாமற் போனதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். சரிவுகள் பெரும்பாலும் பாதையின் கடைசிக் கால்பகுதியில், முடிவுக் கோட்டை நோக்கி எல்லோரும் வேகத்தைக் கூட்டும் இடத்தில் நேர்ந்திருக்கின்றன.

அதே குழுவினர் 2010 முதல் 2023 வரையிலான காலத்தை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், ஓட்டத்தை முடித்தவர்கள் இரண்டு கோடியே தொண்ணூறு இலட்சத்துக்கும் மேல். இதயம் நின்றவர்கள் 176 பேர், இறந்தவர்கள் 59 பேர். தமனி அடைப்பே இம்முறை முதன்மைக் காரணமாக இருந்தது. இதயம் நிற்கும் விகிதம் இலட்சத்துக்கு 0.54 இலிருந்து 0.60 என, ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்க, மரண விகிதம் 0.39 இலிருந்து 0.20 ஆகப் பாதியாகிவிட்டது. முந்தைய பத்தாண்டில் விழுந்த பத்துப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள். பிந்தைய காலத்தில் மூன்று, நான்கு பேர். ஓட்டக்காரர்களின் இதயம் இதற்கிடையே மாறிவிடவில்லை. விழுந்தவரின் மார்பை அந்த நிமிடமே அழுத்தத் தொடங்கும் சி.பி.ஆர். முதலுதவியைக் கற்றவர்கள் பாதையோரம் பெருகினார்கள்; நின்ற துடிப்பை மீட்கும் மின்னதிர்ச்சிக் கருவிகள் மருத்துவக் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, மிதிவண்டியிலும் கூடாரங்களுக்கு இடையிலும், குறிப்பாகக் கடைசிக் கிலோமீட்டர்களிலும் நிறுத்தப்பட்டன.